காசிமேட்டில் தேய்ந்த ஒரு அருவாமனை

"சாதாரண மனிதர்களின் வாழ்க்கையைப் பத்திரிகையில் எழுத ஆசை. ஆனால் போய்ப் பேசினால் எல்லோரும் ஒரே மாதிரி பதில்தான் சொல்கிறார்கள். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கேள்விதான் காரணம். சென்னையில் பதினைந்து வருஷமாக நிருபராக இருக்கிறேன். காசிமேட்டில் மீன் வெட்டும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனபோது நானும் "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. "என்னத்த சொல்றது தம்பி, கவர்மெண்ட்டு பாத்து எதனா செஞ்சா சரி" என்றார். மைக் நீட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

அடுத்த வாரம் நோட்டை வெளியே எடுக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அருவாமனையைத் தீட்டிக்கொண்டிருந்தார். அலகு நடுவில் பிறை போலத் தேய்ந்திருந்தது. "இது எப்போ வாங்கினதும்மா?" என்றேன். அவ்வளவுதான். அது மாமியாருடையது. வீட்டுக்காரர் இறந்துபோன மூன்றாம் மாதம் அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தாராம். முதல் நாள் வஞ்சிரத்தைச் சரியாகத் துண்டு போடத் தெரியாமல் திட்டு வாங்கினாராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வெட்டுக்கூலி எவ்வளவு இறங்கும், எந்த வாரம் வட்டிக்கு வாங்குவார் என்பதெல்லாம் தானாக வந்தது. கஷ்டம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

அதனால் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், ஷேர் ஆட்டோவுக்கு என்ன கொடுத்தார் என்று கேளுங்கள்.

அப்புறம், சரிபார்ப்பது. வீட்டுக்காரர் சுனாமி வருஷம் இறந்ததாகச் சொன்னார். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. இறப்புச் சான்றிதழில் இருந்ததோ 2006 ஜனவரி. அவர் பொய் சொல்லவில்லை. கடலோரத்தில் பலருக்குக் காலக்கணக்கே சுனாமிக்கு முன்னே, பின்னே என்றுதான் ஓடுகிறது. சான்றிதழில் உள்ள தேதியை எழுதினேன். அவர் எண்ணும் விதத்தையும் எழுதினேன். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த பத்தி அதுதான்.

"கண்ணீர் மல்க", "நெஞ்சை உருக்கும்" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அலகு தேய்ந்திருந்தது என்றால் வாசகருக்குப் புரியும்.

ஆரம்ப நாட்களில் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. ஒரு பையன் படிப்பை நிறுத்தியதைத் தெருப் பெயரோடு எழுதிவிட்டேன். அவன் அம்மா சம்மதித்துத்தான் சொன்னார். அவனிடம் நான் கேட்கவில்லை. தெருவே அவனைக் கேலி செய்தது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. இப்படிப்பட்ட பையனை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

அன்றிலிருந்து, சொந்த விஷயம் வரும் இடங்களை அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் காட்டிவிடுகிறேன். காசிமேட்டு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார். வட்டிக்குக் கொடுத்தவர் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

"அத மட்டும் எடுத்துடு தம்பி."

எடுத்துவிட்டேன்.