உடைந்ததும் உடைத்ததும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது, சேலத்தில் வங்கி வேலை. ஜனவரியில் அம்மாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று நாள் நான் கட்டில் பக்கத்து ஸ்டூலைவிட்டு எழவில்லை. தங்கை கணவர் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் சூப்பர்வைசர். மலை இறங்கினால் ஒரு மணி நேரம்தான். ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்தார். உட்காரக்கூட இல்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்று அவர் குணம் தெரிந்துவிட்டது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. போன வருடம் தங்கை மகளின் காதுகுத்துக்கு, ஆடிட் நேரம் என்பதால் போக முடியாமல் போய்விட்டது, அதற்கே இன்றுவரை வருத்தப்படுகிறேன். ஆன்லைனில் ஆளுமைத் தேர்வும் எழுதிப் பார்த்தேன், பொறுப்பானவன் என்றே வந்தது. ஒருவரின் உண்மையான குணத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க உளவியலில் வழி உண்டா?

ச., அஸ்தம்பட்டி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் போனது. கழுவிக்கொண்டிருந்தவன் நான்தான். "டம்ளர் உடைஞ்சிருச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் போன வாரம் பேரன் கையிலிருந்து ஒன்று விழுந்தபோது நான் சொன்னது ஞாபகம் வந்தது. "உடைச்சுட்டான் பாரு." அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த ஆன்லைன் தேர்வை விட்டுவிடுங்கள். நம்மைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோமோ அதைக் கேள்வியாகக் கேட்டு வாங்கி, பதிலாகத் திருப்பித் தருகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருவது சாதாரணம். அதை வைத்து மாப்பிள்ளையையும் அளக்க வேண்டாம், உங்களையும் அளக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை வாசியுங்கள் தம்பி. இரண்டு பேர் வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை. ஒருவருக்குக் காரணம் குணம், இன்னொருவருக்குக் காரணம் ஆடிட். நான்கு வரி இடைவெளியில் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள், கை கூசவில்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் போகவில்லை என்றால் அது சின்ன விஷயமா? அந்தக் குழந்தை யார் மடியில் உட்கார்ந்தது? அன்று ஏற்காட்டில் அந்த வீட்டில், "அவன் குணம் தெரிஞ்சு போச்சு" என்று ஒருவராவது சொல்லியிருக்க மாட்டார்களா?

இதை உங்கள் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. நம் பேச்சிலேயே இது ஊறிக் கிடக்கிறது. எனக்கு வந்தால் "கோபம் வந்துருச்சு", எங்கிருந்தோ வந்து என் மேல் ஏறிக்கொண்ட மாதிரி. அடுத்தவருக்கு வந்தால் அவர் கோபக்காரர். எனக்கு "லேட் ஆயிருச்சு", அவன் "லேட்டா வந்தான்". எனக்கு "மறந்துபோச்சு", அவன் "மறந்துட்டான்", கொஞ்சம் வெறுப்பு இருந்தால் "மறந்த மாதிரி நடிக்கிறான்". தமிழில் உடைந்தது, உடைத்தது என்று வினைச்சொற்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. கிழிந்தது, கிழித்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. என் கை பட்டால் பொருள் தானாகவே உடைகிறது, மருமகள் கை பட்டால் அவள் உடைக்கிறாள். ஒரு நாள் முழுக்க வீட்டில் யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நான் இரண்டு வாரமாகக் கேட்கிறேன். சமையலறையில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, கல்யாணப் பந்தியில் பத்து. "என் சூழ்நிலை அப்படி" என்று தன்னைப் பற்றிச் சொல்லாதவர் யாருமில்லை. "அவர் சூழ்நிலை என்னவோ" என்று அடுத்தவரைப் பற்றிச் சொன்னவர் அந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒருவர், எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அம்மா.

உளவியல்காரர்களும் இதைத்தான் பிடித்தார்கள். தன் செயலுக்குச் சூழ்நிலையையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணமாகச் சொல்கிறோம் என்று எட்வர்ட் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1971-ல் எழுதினார்கள். 2006-ல் பெர்ட்ராம் மாலே என்பவர் இதைப் பற்றிய 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லா விஷயத்திலும் இது இல்லை என்று தெரிந்தது. ஆனால் கெட்டது நடந்தபோது இருந்தது. நல்லது நடந்தால் தலைகீழ், அப்போது என் குணத்தால் நடந்தது, அவனுக்கு அதிர்ஷ்டம்.

அவசரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு 1973-ல் டார்லியும் பேட்சனும் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாதிரியார் படிப்புப் படிக்கும் மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் நிறைய இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். எல்லாரும் ஒரே படிப்பு, ஒரே வழி.

நாமெல்லாம் குடும்பம், உறவு என்று வாழ்கிறவர்கள், நமக்குச் சூழ்நிலை நன்றாகவே புரியும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் ஆதாரம் உண்டு. 1984-ல் வெளிவந்த ஜோன் மில்லரின் ஆய்வு, சிகாகோக்காரர்களையும் மைசூர்க்காரர்களையும் ஒப்பிட்டது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவர் விழுந்து அடிபடுகிறார். ஓட்டிய வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார். அமெரிக்கர்கள் அவரைப் பொறுப்பில்லாதவர் என்றார்கள். நம்மவர்கள், கோர்ட்டில் கட்சிக்காரருக்காக நிற்க வேண்டிய கடமை இருந்ததே என்றார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை, வளர வளரத்தான் கூடியது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முகம் தெரியாத வக்கீலுக்குக் காட்டுகிற அந்தத் தாராளத்தைச் சொந்த மாப்பிள்ளைக்கு நாம் காட்டுவதில்லை.

சரி, நான் காட்டாத ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னக் கொலுசுப் பட்டறை இருந்தது. வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம், முடிந்த வேலையை எடை போட்டு வாங்குவோம், சேதாரம் போக மீதி சரியாக இருக்க வேண்டும். 1988-ல் எனக்கு 19 வயது. தராசும் கணக்கு நோட்டும் அன்று என் கையில். சிவதாபுரத்திலிருந்து சைக்கிளில் வரும் ஓர் அண்ணன், நான் நடை பழகியதிலிருந்து எங்களிடம் இருந்தவர். அவர் கணக்கில் 11 கிராம் குறைந்தது. "எத்தனை நாளா இப்படி நடக்குது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. அரத்தைக் கீழே வைத்தார். மடியில் விரித்திருந்த துணியின் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கி, தட்டுக்கு மேலே பிடித்து உதறினார். ஒரு முறை உதறிவிட்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒட்டியிருந்த தூளை விரலால் தட்டி மறுபடி உதறினார். வெள்ளித் தூள் தட்டில் விழுகிற சத்தம் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது மாதிரி இருந்தது. துணியை மடித்துக் கம்பியில் போட்டுவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கடைக்காரரிடம் சாம்பிள் காட்ட எடுத்துப்போன துண்டுச் சங்கிலி. 11 கிராம். "எழுத மறந்துபோச்சுடா" என்றார்.

என் அவமானம் இதோடு முடியவில்லை. ஏன் அப்படிக் கேட்டேன் என்று யார் கேட்டாலும், பல வருடம் ஒரே பதில் சொன்னேன்: கணக்கு விஷயத்தில் நான் கறார், யாராக இருந்தாலும் கேட்டுவிடுவேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. நம்பித்தான் சொன்னேன். நாற்பது வயது தாண்டி ஒரு நாள் அக்கா வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அன்னைக்குத்தானே உன் பி.காம் ரிசல்ட் வந்துச்சு, ரெண்டு பேப்பர் போயிருச்சுன்னு அப்பா கத்துனாரு" என்றாள். எனக்குக் கை கால் சில்லிட்டுப் போனது. என்னைப் பற்றி எனக்குத் தெரியாதது, திண்ணையில் இருந்து பார்த்த அவளுக்கு 20 வருடத்துக்கும் மேலாகத் தெரிந்திருக்கிறது.

நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள், இடது கோடியில் இருந்ததைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. காரணம் கேட்டால் நெசவு, நேர்த்தி என்று ஏதோ சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமா என்றால் கிட்டத்தட்ட எல்லாரும் மறுத்தார்கள். நான் என் கறாரைச் சொன்னதும் இதே நெசவு, நேர்த்திதான். டேரில் பெம் என்பவர் 1972-ல் இன்னும் ஒரு படி போனார். உள்ளே இருந்து கிடைக்கிற தகவல் தெளிவாக இல்லாதபோது, அடுத்தவன் நம்மைப் பார்ப்பதுபோலத்தான் நாமும் நம் செயலைப் பார்த்து நம்மை ஊகிக்கிறோம் என்றார். அக்கா அப்படிச் சொன்ன பிறகு நான் அதை நம்புகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை நல்லவரா என்று எனக்குத் தெரியாது, அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஜனவரி காப்பிப் பழம் பறிக்கும் மாதம். பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்க வேண்டும், விட்டால் புளித்துவிடும். சாயங்காலம் ஆள்களின் மூட்டையை எடை போட்டு முடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கிறார் என்றால் எத்தனை மணிக்குத் திரும்ப ஏறினார்? தங்கையிடம் கேட்டீர்களா? குணத்தைக் கண்டுபிடிக்க வழி கேட்டு எனக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு போனைச் செய்யவில்லை.

உட்காரக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கட்டிலுக்கு எத்தனை ஸ்டூல்? மூன்று நாளும் நீங்கள் எழவில்லை என்றும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஒன்று. அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதை எழுதுங்கள்.