பேலியோவில் சர்க்கரை இறங்கியது, எல்டிஎல் ஏறியது: தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு நான்கு மாதங்களாகப் பேலியோ உணவில் (தானியத்தை விலக்கும் ‘கற்கால’ உணவுமுறை) இருக்கிறேன்: காலையில் 100 பாதாம், மதியம் காய்கறியும் பனீரும், இரவில் முட்டை அல்லது இறைச்சி, இடையில் பட்டர் டீ (வெண்ணெய் கலந்த தேநீர்), சமையலுக்கு இந்துப்பு. எடை 84 கிலோவிலிருந்து 75-க்கு இறங்கியது. ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.6-இலிருந்து 6.5 ஆகவும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 260-இலிருந்து 120 ஆகவும் குறைந்தன. ஆனால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் 112-இலிருந்து 181 ஆகிவிட்டது. மாலையில் கை நடுங்குகிறது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. மலச்சிக்கலும் முடி கொட்டுவதும் உண்டு. இதைத் தொடரலாமா? ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் சாமை, தினையைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்டிஎல் பற்றிய கவலையே மேலோங்கியிருக்கிறது, ஆனால் இந்த வாரமே கவனிக்க வேண்டியது மாலைக் கைநடுக்கம். கிளிமிபிரைடு, நீங்கள் சோறு உண்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிற மாத்திரை. மூன்று வேளையும் அரிசி உணவு உண்ட காலத்தில் உங்களுக்கு எழுதித் தரப்பட்ட அளவு, மாவுச்சத்து ஏறக்குறைய நின்றுபோன இன்றைய உணவுக்கு மிகுதியாகிவிட்டது என்றே நினைக்கிறேன். நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். அந்த நேரத்தில் பேலியோ விதியைப் பார்க்கக் கூடாது. பாதாமும் பட்டர் டீயும் அப்போது உதவமாட்டா, ஏனெனில் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைக் கொழுப்பு தாமதப்படுத்தும். நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலையையும் இருசக்கர வண்டி ஓட்டுவதையும் நடுக்கம் முழுதும் நீங்கும்வரை தள்ளிவையுங்கள். உங்கள் மருத்துவர் கிளிமிபிரைடைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவது அரிது என்பதால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். 6.5 என்ற மகிழ்ச்சியான சராசரிக்குள் இந்தத் தாழ்வுகளும் கலந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

எழுந்தவுடன் தலை சுற்றுவதற்கு வேறு காரணம் இருக்க வாய்ப்புண்டு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். எடையும் குறைந்திருப்பதால் பழைய அளவு டெல்மிசார்டன் இப்போது ரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கக்கூடும். உட்கார்ந்தபடியும் நின்றபடியும் அழுத்தத்தை அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மாத்திரை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் இயல்புடையது. ஆகவே பேலியோ நண்பர்கள் பரிந்துரைக்கும் பொட்டாசியம் பொடிகளையோ, பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பையோ மருத்துவரைக் கேளாமல் தொடாதீர்கள். நீங்கள் கேட்கவில்லையென்றாலும் பிற வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இவ்வுணவைத் தொடங்கவே கூடாது.

இனி, உங்களுக்குக் கிடைத்த நன்மை உண்மையா என்றால், உண்மைதான். ஈட்டனும் கோனரும் 1985-இல் பழைய கற்கால உணவு பற்றி எழுதிய கட்டுரையும், 2002-இல் வெளிவந்த லோரன் கார்டெயினின் நூலும் இம்முறையைப் பரப்பின. சுவீடனில் 29 இதய நோயாளிகளிடம் 12 வாரங்கள் நடந்து 2007-இல் வெளியான ஆய்விலும், 13 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்விலும் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. பின்னதில் ட்ரைகிளிசரைடும் குறைந்தது. ஆனால் இவை மிகச் சிறிய, குறுகிய கால ஆய்வுகள். மேலும் அந்த நோயாளிகள் உண்டது கொழுப்பு குறைந்த இறைச்சி, மீன், பழம், காய்கறி, கிழங்கு, முட்டை, கொட்டைகள் ஆகியவற்றை. பால் பொருள்கள் அதில் விலக்கப்பட்டிருந்தன. நம் ஊரில் பேலியோ என்று வழங்குவது வெண்ணெயும் பனீரும் நெய்யும் நிறைந்த, பழத்தை விலக்கிய குறை மாவு உணவு. அதன் பலனுக்குச் சுவீடன் ஆய்வுகளைச் சான்று காட்டுவது பொருந்தாது. (இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை 1863-இல் பல்லாவரத்தில் முதலில் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் நம் ஏற்காட்டில்தான் வசித்தார். அந்தக் கல்லைச் செதுக்கியவர்களிடம் மாடும் இல்லை, வெண்ணெயும் இல்லை.) பாப்புவா நியூகினியின் கிட்டாவா தீவினர் கிழங்கைப் பிரதான உணவாகக் கொண்டும் அவர்களிடம் இதய நோய் அரிதாகவே இருந்ததை, மேற்சொன்ன 2007 ஆய்வை நடத்திய சுவீடன் ஆய்வாளர் லிண்டபர்க் பதிவு செய்திருக்கிறார். ஆகவே உங்கள் சர்க்கரையை இறக்கியது கற்காலம் அன்று. இட்லியும் சோறும் மாலைத் தட்டுவடை செட்டும் இனிப்புத் தேநீரும் நின்றதும், ஒன்பது கிலோ எடை குறைந்ததும்தான். அந்தப் பயனைத் தக்கவைத்துக்கொண்டே வெண்ணெயை விட்டுவிட முடியும் என்பதே உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி.

எல்டிஎல் 181 அலட்சியப்படுத்தத்தக்க எண் அன்று. ட்ரைகிளிசரைடு இறங்கிவிட்டால் எல்டிஎல் எவ்வளவு ஏறினாலும் பாதகமில்லை என்றும், அது பெரிய துகளாக மாறிவிடுவதால் ரத்த நாளத்தில் படியாது என்றும் பேலியோ வட்டாரங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் அதை ஏற்கவில்லை. பிறவியிலேயே எல்டிஎல் மிகுந்திருக்கும் குடும்பங்களில், சர்க்கரையும் எடையும் சரியாக இருப்பவர்களுக்குக்கூட இளம் வயதில் மாரடைப்பு வருவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எல்டிஎல் 100-க்குக் கீழேயும், பலருக்கு 70-க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு, கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பொதுவாகவே பரிந்துரைக்கப்படுகிறது. பட்டர் டீயை இன்றே நிறுத்துங்கள். நெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பதிலாக நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ அளவாகப் பயன்படுத்துங்கள். பனீரைக் குறைத்து மேட்டூர் அணை மீனையும், தோல் நீக்கிய கோழியையும் கூட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தால், ஏற்றத்தில் உணவின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஸ்டாட்டினை அதுவரை தள்ளிப்போடலாமா என்பதை உங்கள் இதய ஆபத்தைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்டிஎல் ஏற்றம், மலச்சிக்கல், முடி கொட்டுதல் ஆகிய மூன்றும் தைராய்டு குறைவிலும் வரும். வேகமாக எடை இறங்கிய இரண்டு, மூன்று மாதங்களில் முடி கொட்டுவதும், நார்ச்சத்து குறைந்தால் மலம் இறுகுவதும் வழக்கம்தான் என்றாலும், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தச் சோதனை செய்யாமல் அப்படி முடிவுகட்டக் கூடாது. சாதாரண இந்துப்பில் போதிய அயோடின் இருப்பதில்லை. பேலியோ உணவில் இருந்த சுவீடன் பெண்களிடமும் அயோடின் குறைந்தது பதிவாகியுள்ளது. அயோடின் சேர்த்த உப்புக்கே திரும்பிவிடுங்கள்.

நூறு பாதாமில் ஏறக்குறைய 600 முதல் 700 கலோரி இருக்கிறது, சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட்டும் மிகுதி. உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ சிறுநீரகக் கல் வந்திருந்தால், சேலத்து வெயிலில் பட்டறைச் சூட்டருகே தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு இதைத் தொடர்வது நல்லதன்று. இருபது, இருபத்தைந்து போதும். உடன் இரண்டு முட்டை சேர்த்துக்கொள்ளலாம்.

சாமையும் தினையும் வெள்ளை அரிசியைவிட மேலானவைதாம். ஆனால் மாவுச்சத்து இல்லாதவை அல்ல. நூறு கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையில் சுமார் 65 கிராம். ஆகவே மதியம் ஒரு சிறு கிண்ணம் சாமைச் சோறு, அதற்கு இரு மடங்கு கீரையும் காயும் என்ற அளவில் சேருங்கள். கஞ்சியாகக் குழைத்துக் குடிக்காதீர்கள், சர்க்கரை வேகமாக ஏறும். உண்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து 180-ஐத் தாண்டினால் அளவைக் குறையுங்கள். பேலியோ விலக்கும் பொருள்களில் திரும்பிவர வேண்டியது முதலில் பருப்பு வகைதான் என்பது என் கருத்து. ஊறவைத்து நன்கு வேகவைத்த கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலையில் பேலியோக்காரர்கள் அஞ்சுகிற லெக்டின் என்ற புரதம் செயலிழந்துவிடும். மலச்சிக்கலுக்கும் எல்டிஎல்லுக்கும் அவற்றின் நார்ச்சத்து ஒருசேர உதவும். ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட் கிடைத்தால் பாதிப் பழம் உண்ணலாம். வெண்ணெயின் இடத்தில் வைக்கத் தகுந்த கொழுப்பு அது. ஜவ்வரிசி நம் மாவட்டத்துப் பெருமையே ஆனாலும் கிட்டத்தட்ட முழு மாவுச்சத்து. அதை விலக்கியே வையுங்கள். மாம்பழம் வேண்டுமானால் பருவத்தில் ஓரிரு துண்டு, சோறு இல்லாத வேளையில்.

மருத்துவரிடம் செல்லும்போது, பழைய, புதிய ரிப்போர்ட்டுகளுடன் நடுக்கம் வந்த நேரத்துக் குளுக்கோமீட்டர் அளவுகளையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். டிஎஸ்ஹெச், கிரியாட்டினின், பொட்டாசியம், யூரிக் அமிலம், சிறுநீர் ஆல்புமின் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆல்புமின் வெளியேறுவதோ கிரியாட்டினின் உயர்ந்திருப்பதோ தெரிந்தால், இறைச்சி, முட்டை, பனீர் அளவை அவர் சொல்லும்வரை கூட்ட வேண்டாம்.