பழைய சாதனத்தில் முதலில் மோட்டாரை அல்ல, வயரைப் பாருங்கள்

பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி, மிக்ஸி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றைப் பழுதுபார்த்துத் தொடர்ந்து பயன்படுத்தலாமா, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு சாதனத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. வார்ப்பிரும்பும் எஃகுத் தண்டும் செம்புக் கம்பியும் தலைமுறை தாண்டி நிற்கும்போது, ரப்பரும் காகிதமும் கிரீஸும் முன்பே வலுவிழந்துவிடுகின்றன. ஆகவே, ‘இன்னும் ஓடுகிறது’ என்பதை வைத்து அது தொடுவதற்குப் பாதுகாப்பானது என்று முடிவு செய்யக் கூடாது.

எந்தப் பழைய சாதனத்தை எடுத்தாலும், பிளக்கைக் கழற்றிவிட்டு நான் முதலில் பார்ப்பது வயரைத்தான். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் உறை, வெப்பமும் வளைவும் சேரும் இடத்தில், அதாவது சாதனத்துக்குள் நுழையும் வாயில், இறுகி வெடித்து உதிர்ந்திருக்கும். அங்கே டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. முழு வயரையும் மாற்ற வேண்டும். உலோக உடலுள்ள மிக்ஸியோ மேசை விசிறியோ இரண்டு கம்பி வயருடன் இருந்தால், மூன்று கம்பி வயர் போட்டு எர்த்தை உடலுடன் உறுதியாக இணைத்துவிடுவேன். பிறகு 500 வோல்ட் மெகரால் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) மோட்டாரின் கம்பிச்சுற்றுக்கும் உடலுக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். அது 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது; ஈரத்தினால் குறைந்திருந்தால் நன்றாகக் காய்ந்தபின் ஏறிவிடும், ஏறாவிட்டால் ரீவைண்டிங், அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றுவது, செய்ய வேண்டியதுதான்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, சாதனத்துடன் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்து காட்டிக்கொடுக்கும், கம்பிச்சுற்று கருகாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

மிக்ஸி மோட்டாரில் தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால், பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிரஷ் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம் என்பதால் அதை மாற்றுவதில் தயக்கமே வேண்டாம். அளவு சரியாக இருப்பதும், கூட்டுக்குள் சிக்காமல் நகர்வதும்தான் முக்கியம். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை எமரித் தாளால் தேய்க்காதீர்கள், அதன் துகள்கள் செம்புப் பட்டைகளுக்கு இடையில் தங்கி மின்சாரத்தைக் கடத்தக்கூடும். எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் (தண்டு சுழலும் வளையம்) இருந்தால், அதன் நுண்துளைகளுக்குள் கிரீஸ் இறங்காது; மெல்லிய மெஷின் எண்ணெய்தான் ஏற்றது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தண்டையே இறுக்கிவிடும்.

கூரை விசிறியின் வேகம் குறைந்தால் முதலில் கப்பாசிட்டரை அளந்து பாருங்கள். அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று இருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும். வேகம் கூடும் என்று எண்ணிப் பெரியதைப் போட்டால் கம்பிச்சுற்று சூடேறும்.

பழைய இஸ்திரிப் பெட்டிகளிலும் ரொட்டி வாட்டும் கருவிகளிலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ நார் போன்ற தகடு இருந்தால், அது, தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம்; அப்படிப்பட்ட சாதனத்தை மட்டும் நான் மேற்கொண்டு பிரிக்காமல் ஒதுக்கிவிடுவேன்.

குளிர்பதனப் பெட்டியில் கதவு கேஸ்கெட், தெர்மோஸ்டாட், கம்ப்ரஸர் ரிலே ஆகியவற்றை மாற்றுவது எளிது. மூடிய வாயுச் சுற்றைத் தொடுவதுதான் வேறு விஷயம். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையால் படிப்படியாகக் கைவிடப்பட்ட ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு அதில் இருக்கலாம். அதற்குப் பதிலாக ஆர்-134ஏ வாயுவை அப்படியே நிரப்பவும் முடியாது, ஏனெனில் பழைய கம்ப்ரஸரில் உள்ள கனிம எண்ணெயுடன் அது கலப்பதில்லை. வாயு கசியாத வரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வாரம் மின்னளவி பொருத்தி அது இழுக்கும் யூனிட்டைப் பாருங்கள். விசிறிக்காகவும் மிக்ஸிக்காகவும் நான் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவேன். இரவும் பகலும் மின்சாரம் இழுக்கும் இதற்கு மட்டும் அந்த அளவீட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.