அமெரிக்க அதிபர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் போர் தொடங்க முடியுமா?

அரசியல் சட்டப்படி போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு. படையை நடத்துவது அதிபர். ஆனால் காங்கிரஸ் முறையாகப் போர் அறிவித்தது கடைசியாக 1942-இல். கொரியா, வியட்நாம், ஈராக் எல்லாம் அந்த அறிவிப்பு இல்லாமல் நடந்தவை.

வியட்நாமில் பட்ட அடிக்குப் பிறகு, 1973-இல் அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. படையைச் சண்டையில் இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். 60 நாளில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் நிறுத்த வேண்டும். படை பத்திரமாகத் திரும்ப மேலும் 30 நாள் வரை உண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் நள்ளிரவில் மோட்டார் எரிந்தால், செயலாளர் உடனே ஆளை வரவழைத்துச் சரிசெய்துவிட்டு அப்புறம் சங்கக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்குவார் அல்லவா, அப்படித்தான் இதுவும்.

நடைமுறையில் பிடி தளர்ந்துவிட்டது. 2011-இல் லிபியாவில் 60 நாள் தாண்டியும் குண்டுவீச்சு தொடர்ந்தது. தரைப்படை இறங்காததால் அது இந்தச் சட்டம் சொல்லும் 'சண்டை' ஆகாது என்றது ஒபாமா அரசு. எனக்கு அந்த வாதம் ஏற்கத்தக்கதாகவே இல்லை. குண்டு விழும் ஊரில் இருப்பவருக்கு அது போர்தான்.

'முதல் 60 நாள் அதிபர் இஷ்டம்' என்று பலர் நினைக்கிறார்கள். போர் அறிவிப்போ, காங்கிரசின் தனி அனுமதியோ, அமெரிக்கா மீதோ அதன் படை மீதோ தாக்குதலோ இருந்தால்தான் படையை இறக்கலாம் என்கிறது அதே சட்டம்.