கல்லறைக் கல்லுக்கு வந்த பேரு

கேள்வி: பல்லாவரம், பரங்கிமலை பக்கம் இருக்கிற பாறைக்கு சார்னாக்கைட்னு பேராமே, யாரு சார் அந்த சார்னாக்? இங்க வந்து பாறை ஆராய்ச்சி பண்ணவரா?

பதில்: அவருக்கும் பாறை ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஜோப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட், 1690ல ஹூக்ளி ஆத்தங்கரையில சுதாநுதிங்கிற இடத்துல வந்து இறங்குனவரு, கல்கத்தாவை உண்டாக்குனதே இவர்தான்னு ரொம்ப காலமா சொல்லிட்டு இருந்தாங்க (அப்படிச் சொல்லக்கூடாதுனு 2003ல கல்கத்தா ஹைகோர்ட் சொல்லிடுச்சு, அது தனிக்கதை). அவர் செத்தப்புறம் மருமகன் சார்லஸ் அயர் கட்டுன கல்லறை இப்பவும் அங்க செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துல இருக்கு. அதுல இருக்கிற கல்வெட்டுப் பலகை மெட்ராஸ் பக்கத்துக் கல்லு!

200 வருஷம் கழிச்சு இந்திய புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட் இதை ஆராய்ஞ்சு, 1893ல அந்தக் கல்லறைக் கல்லைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதுறாரு. இந்தப் பாறைக்கு இதுவரைக்கும் பேரு இல்ல, அப்போ தலைநகரா இருந்த கல்கத்தாவுக்கு இதோட முதல் சாம்பிள் தன்னையறியாம வந்து சேர ஒருவேளை சார்னாக்தான் காரணம், அதனால அவர் பேரையே வெச்சுடலாம்னு சொல்றாரு. மனுஷன் செத்துப்போய் செஞ்ச சேவைக்கு மரியாதை! என்னைக் கேட்டா பல்லாவரைட்னு வெச்சிருக்கணும், கல்லு கிடைக்கிற ஊரை விட்டுட்டு அது போய்ச் சேர்ந்த கல்லறைக்காரர் பேரை வெச்சது கொஞ்சம் ஓவர்தான். கடைசியில வர்ற 'ஐட்' கிரேக்கத்துல இருந்து வந்த விகுதி, கிராஃபைட், பாக்ஸைட்னு எல்லாத்துலயும் இருக்கிற அதேதான்.

வீடு கட்டுறவங்களுக்கு இது சும்மா கருங்கல். ஆனா உள்ள ஹைப்பர்ஸ்தீன்னு ஒரு கனிமம் இருக்கும், அதுதான் இதைச் சாதாரண கிரானைட்லருந்து பிரிச்சுக் காட்டுது. பூமிக்கு ரொம்ப ஆழத்துல, கடும் சூட்டுல, தண்ணி ரொம்பக் கம்மியா இருந்தாத்தான் இந்த மாதிரிப் பாறையில அது உருவாகும். கிரேக்கத்துல அந்தப் பேருக்கு 'மிஞ்சுன பலம்'னு அர்த்தம், ஹார்ன்பிளெண்ட்ங்கிற இன்னொரு கனிமத்தை விட கடினமா இருந்ததால அப்படி வெச்சாங்க. 1988ல கனிமவியல்காரங்க அந்தப் பேரை அதிகாரபூர்வ லிஸ்ட்லருந்து தூக்கிட்டாங்க, சார்னாக்கைட்டுக்கு அப்படி ஒண்ணும் ஆகல. நீலகிரி, சேர்வராயன் மலைல இருக்கிறதும் இதுதான், அன்டார்டிகாலயும் நார்வேலயும் கிடைச்சாலும் இதே பேருதான். பரங்கிமலைப் பாறையை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாவே அறிவிச்சிருக்காங்க.