பந்திக்கு முந்தாதவர்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கொரோனாவுக்குப் பிறகு, அப்பமும் திராட்சைரசமும் வாங்கும் திருவிருந்தில் பொதுப் பாத்திரத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் கொடுக்கிறார்கள். ஒரே பாத்திரம் இல்லாவிட்டால் அது ஐக்கியமே இல்லை என்று கமிட்டியில் சண்டை. உலர்திராட்சையைக் கொதிக்கவைத்த சாறு செல்லுமா என்று இன்னொரு சண்டை. அந்த ரசம் உண்மையில் கிறிஸ்துவின் இரத்தமா, வெறும் நினைவுகூருதலா? உங்கள் கருத்தை எழுத வேண்டும். அம்மா இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறாள். அவள் திருவிருந்துப் பந்திக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அபாத்திரமாய் எடுத்தால் ஆக்கினை, தேவ தண்டனை வரும் என்று பயம்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

கிண்ணத்தை முதலில் கழுவி வைத்துவிடுவோம். அது கொரோனா கொண்டுவந்ததல்ல. 1890களில் அமெரிக்கச் சபைகளில் கிருமிப் பயத்தால் புகுந்தது. புளிக்காத சாறு அதற்கும் மூத்தது. 1869இல் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், மதுவை ஒப்புக்கொள்ளாத மெதடிஸ்ட், தம் சபையின் பந்திக்காகத் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் வழியைக் கண்டார். உங்கள் கோயில் பணியாளான கோயில்பிள்ளை அடுப்பில் ஏற்றும் சட்டிக்கும் அந்தப் பரம்பரைதான். செல்லும். இரத்தமா நினைவுகூருதலா என்று சபைச் சீர்திருத்தக்காரர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் உட்கார்ந்து பேசினார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனவர்களுக்கு இதில் மட்டும் முடியவில்லை. உங்கள் கமிட்டி டீயும் வடையுமாக அதை முடித்து வைக்கப்போவதில்லை. விடுங்கள்.

எனக்குக் கோபம் வேறு. கிண்ணத்துக்கும் திராட்சைக்கும் கடிதம் முழுக்க இடம். பெற்றவளுக்குக் கடைசியில் ஒரு வரியா? இருபது வருடமாக ஒருத்தி பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போகிறாள். அதைப் பின்குறிப்பு மாதிரி எழுத எப்படியம்மா மனம் வந்தது?

என் ஆச்சியும் அப்படிப் போனவள்தான். எங்கள் விளையின், அதாவது தோட்டத்தின், எல்லையில் நின்ற ஒரு பனைக்காக ஓரகத்தியோடு பேச்சு நின்றுபோனது. அந்த மனத்தாங்கலோடு பந்திக்குப் போனால் நியாயத்தீர்ப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஓரகத்தி செத்த பிறகும் போகவில்லை. சமாதானமாக ஆள் இல்லையே என்பாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சொல். அபாத்திரமாய். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் பதினோராம் அதிகாரத்தில் வருவது. அபாத்திரராய் என்றல்ல, அபாத்திரமாய் என்றுதான் நம் வேதாகமத்தில் இருக்கிறது. உண்கிறவர் தகுதியற்றவர் என்பது வேறு, தகாத விதமாக உண்பது வேறு. கிரேக்க மூலத்திலும் அது வினையைத் தழுவிய சொல்தான். பவுல் ஆளைத் தராசில் நிறுத்தவில்லை, சாப்பிட்ட லட்சணத்தைத் திட்டுகிறார். என்ன லட்சணம் என்று அதே அதிகாரத்தில், 29ஆம் வசனத்திலிருந்து எட்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். அவனவன் தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். நாக்கில் ஒட்டும் மெல்லிய அப்பத்தைப் பற்றிய பேச்சல்ல இது. வயிறு நிறையச் சாப்பிடும் பந்தி. கொரிந்துவில் ஞாயிறு விடுமுறை நாள் அல்ல. அடிமையும் கூலியும் வேலை முடிந்து வருவதற்குள் வசதியுள்ளவர்கள் தின்று குடித்து முடித்திருக்கிறார்கள். சரீரம் இன்னதென்று அறியாமல் உண்பது என்கிறாரே, அடுத்த அதிகாரத்தில் அவரே சரீரம் என்று சபையைத்தான் சொல்கிறார். கடைசியில் அவர் கொடுக்கும் மருந்தும் எளிதுதான்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

நாமோ பந்திக்கு முந்து என்று பழமொழி வைத்திருக்கிறோம்.

பனைமரத்துக்காக மனம் கசந்த கிழவியை அந்த வசனம் பயமுறுத்தியது. பயப்பட வேண்டியவர்கள் பயந்தார்களா? சாதி வித்தியாசத்தைச் சபையிலிருந்தும் பந்தியிலிருந்தும் உடனே ஒழிக்க வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டார்கள். இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தின் பக்கம்தான் நின்றார். கத்தோலிக்கர்களும் மெச்சிக்கொள்ள வேண்டாம். 1872இல் வடக்கன்குளத்தில் கட்டிய கோயிலுக்கு பீடம் ஒன்று, அதிலிருந்து விரியும் மண்டபம் இரண்டு, சாதிக்கொன்று. 1910இல் தடுப்பை எடுத்ததும் எடுத்தது தப்பு என்று உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். அந்தத் தடுப்புக்கு இருபுறமும் நின்று நற்கருணை, அதாவது அதே திருவிருந்து, வாங்கிய தலைமுறைகளில் எத்தனை பேர், நாம் அபாத்திரமாய் உண்கிறோமோ என்று வேப்பமரத்தடிக்குப் போயிருப்பார்கள்?

சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசன விருந்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் என்பதால் மேலும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் அசனத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. மைதானத்தில் அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு. வரிசையை ஒழுங்குபடுத்திய பெரியவரின் கைக்கு அடியில் குனிந்து புகுந்து முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பளத்துக்குப் போன பெண்கள் இருட்டிய பிறகுதான் வந்தார்கள், கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவர்களுக்கும் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் கடைசிப் பந்தி. மாலையிலிருந்தே ஆச்சியை வந்து உட்காரச் சொல்லி ஆள்மேல் ஆள் கூப்பிட்டார்கள். வெங்காயம் உரித்த கையைக் காட்டி, வாசம் போகட்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண்கள் நடுவில் இலை போட்டு உட்கார்ந்தாள். அண்டாவைச் சாய்த்து வழித்து ஊற்றிய குழம்பில் அவளுக்கு விழுந்தது ஒரு எலும்பும் கொஞ்சம் மசாலாவும். எலும்பைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் வழக்கம்போலச் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திருவிருந்து வாங்கும் உரிமை தரும் திடப்படுத்தல் சடங்கு முடிந்த பிறகு நான் வருடக்கணக்காகப் பீடத்தின் முன் கிராதியில் முழங்காற்படியிட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை.

அம்மாவுக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். 29ஆம் வசனத்தில் நிறுத்திவிடாமல் 33 வரை வாசியுங்கள். உடனே வந்துவிட மாட்டாள், இருபது வருடப் பழக்கம். என்றைக்காவது எழுந்தால், முழங்கால் வலியோடு பீடம் வரை நடக்க நேரமாகும். பாத்திரமோ கிண்ணமோ, அவள் வந்து சேரும் வரை நீங்கள் முன்னால் போய் முழங்காற்படியிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்