அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்

குமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்த மகளோடு, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார். (இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றி.) மகளுக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு, அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். துடுப்புப் படகுப் போட்டிகளில் படகு வலிக்கப் போகிறேன் என்பதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். தாத்தாவின் வள்ளத்தில் ஏறி, ஆறு கடலில் சேரும் பொழியில் வலித்துப் பழகிய பிள்ளை. மேஜைமேல் வைத்த உள்ளங்கையில் காய்ப்பு மஞ்சளாகத் தெரிந்தது. மாமாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் பேசி வைத்துவிட்டார். அது இல்லையென்றால், "கெட்டிக் குடுத்தா எல்லாம் சரியாப் போவும்."

"பயப்படாதீங்க அம்மா" என்று தொடங்கினேன். அவர் கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, "சீட்டுக்கு இத அடகு வைக்கணும்" என்றதும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன். அவரிடம் சொன்னது இதுதான்:

கணக்கில் நூற்றுக்கு 48 வாங்கிய பிள்ளை இவள், அம்மா. இன்ஜினியரிங்கில் விருப்பமும் இல்லை. நான்கு வருடம் அரியரும் வட்டியும்தான் மிஞ்சும். வேண்டாம்.

"டாக்டரிடம் காட்டினால் மாறிவிடுவாளா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். மாற்றுவதற்கு இது நோயில்லை. இப்படி மாற்ற முயல்வதற்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை சொன்னது. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் நெறி மீறல் என்று அறிவித்தது. காசு வாங்கிக்கொண்டு யாராவது செய்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நியூசிலாந்தின் படகு வீராங்கனை எம்மா ட்விக்கைப் பாருங்கள். தனியாள் படகில் லண்டன், ரியோ ஒலிம்பிக்குகளில் நான்காவது இடம், பதக்கமில்லை. விலகிப் போனவர் திரும்பி வந்து, 2021-இல் டோக்கியோவில் தங்கம் எடுத்தார், 34 வயதில். அதற்கு முந்தைய வருடம்தான் தான் விரும்பிய பெண்ணை மணந்திருந்தார். இடையில் ஒரு வருடம் போட்டியை விட்டுவிட்டு ஐரோப்பாவில் விளையாட்டு மேலாண்மையும் படித்தார். எனக்குப் பிடித்தது அந்தப் படிப்புதான். பதக்கத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, இல்லையா?

அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது பயிற்சியாளர் வேலை. நம்மூரில் யாரும் யோசிப்பதில்லை. ஆலப்புழையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். உயரம், கை நீளம், தம் எல்லாம் பார்ப்பார்கள். எர்கோமீட்டர் என்ற மெஷினில் வலிக்கச் சொல்வார்கள். வள்ளத்துப் பழக்கம் கைகொடுக்கும், ஆனால் போதாது. பந்தயப் படகில் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும்; பெரும்பாதி பலம் காலிலிருந்து வரும்; 2000 மீட்டரும் முதுகை இலக்குக்குக் காட்டியபடியே வலிக்க வேண்டும். கூடவே உடற்கல்விப் பட்டம். அதற்குத் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் கல்லூரி இருக்கிறது. பட்டமும் போட்டி அனுபவமும் சேர்ந்தால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ.

பதினேழு வயது தாமதமா? கிணறு வெட்டிப் பிழைத்த இந்தியப் படகு வீரர் தத்து போகனல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு 13-வது இடம்.

சொந்தப் படகு மட்டும் வாங்கித் தராதீர்கள். பல லட்சம் ஆகும். மையத்துப் படகே போதும். ஆலப்புழையில் தேர்வாகாவிட்டாலும் பட்டப்படிப்பு கையில் நிற்கும்.

அவள் உங்களிடம் மட்டும் சொன்னது உங்களோடு இருக்கட்டும். மாமாவிடம் படகைப் பற்றி மட்டும் பேசுங்கள். வெள்ளிக்கிழமை மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றிதழும் எடுத்து வாருங்கள். மகளோடு நீங்கள் மட்டும் வந்தால் போதும்.